அவளைக் கேட்காமல் உன்னைக் கேட்டார்கள்

காரைக்குடி,
ஆவணி 20

அன்பு மகன் கோபிநாத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகள் ரோகிணியும் இங்கே சுகம், மஸ்கட்டில் நீயும் சுகமாக இருக்க நம் அய்யனார் துணை. சுகம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பதால் கேட்டிருக்கிறேன், கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போனில் பேசினால் பாதியிலேயே டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய். தேவா லீவு முடிந்து அங்கே திரும்புகிறான் என்றதும் அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், முழுதும் படி.

ரோகிணிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். ஒரு மழை பெய்தது, கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. பின்கட்டு ஓடு இன்னும் மாற்றவில்லை, ஒழுகுகிறது. அதெல்லாம் இருக்கட்டும், நீ செய்த காரியத்துக்கு வருகிறேன். நானும் உன் பெண்டாட்டி சத்தியப்பிரியாவும் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ராமநாதனிடம்தான் வேலைக்குப் போகிறோம், நான் பலகாரத்தில் இருக்கிறேன். மாஸ்டர் முத்துராமலிங்கம் தை மாதம் காலில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து சத்தியாதான் மாஸ்டர். நாட்டரசன்கோட்டையில் ஒரு கல்யாணம் செய்தாள், அந்த வீட்டார் அடுத்த விசேஷத்துக்கும் அதே கை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். ராமநாதனே எல்லார் முன்னாலும் 'இனிமே நீதாம்மா மாஸ்டர்' என்றார். அது மாயக்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குக் கீழே அண்டா இறக்கிக்கொண்டிருந்தவன் திடீரென்று சாஸ்திரம் பேச ஆரம்பித்தான். முகூர்த்த அடுப்பை மாஸ்டர்தானே சூடம் காட்டிப் பற்றவைப்பது, 'தீட்டு நாள்ல பொம்பள பத்தவச்சா கல்யாண வீட்டுக்கு ஆகுமாண்ணே' என்று ராமநாதன் காதில் ஓதிவிட்டான். இத்தனை வருஷம் நாங்கள் உளுந்து அரைத்தோம், பாகு காய்ச்சினோம், மனகோலப் பலகாரம் கிளறினோம், அப்போதெல்லாம் எந்தத் தீட்டும் எந்தத் தாலியையும் தடுக்கவில்லை. கரண்டி கைக்கு வந்த பிறகுதான் இவர்களுக்குத் தீட்டு ஞாபகம் வருகிறது.

சரி, சந்தேகம் இருந்தால் அவளைக் கேட்டிருக்க வேண்டும். ராமநாதன் உனக்குப் போன் செய்தார். நீயும் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு பெரிய மனுஷனாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறாய். காளையார்கோவில் மண்டபத்தில் அத்தனை ஆள் முன்னால், சத்தியா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தீப்பெட்டியோடு அடுப்பு முன்னால் நிற்கும்போது ராமநாதன் சொன்னார், 'கோவிச்சுக்காதத்தா, ஒங்க வீட்டு ஆம்பளைகிட்டயே ஒரு வார்த்த கேட்டுட்டேன், அவளுக்கு எதுக்குண்ணே இந்தப் பொறுப்பெல்லாம், பலகாரத்துலயே போட்டுருங்கன்னு சொல்லிட்டாப்ல, மாயக்கண்ணா நீ பத்தவையி.' அவள் தீப்பெட்டியை அவனிடம் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வெங்காயம் உரிக்கிறவள் அழுதால் ஏன் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கோபி, உன்னை அங்கே ஸ்டோர்கீப்பர் ஆக்கினார்களே, அப்போது யாராவது எனக்குப் போன் செய்து கேட்டார்களா? உன் சூப்பர்வைசர் நம்பரைத் தேவாவிடம் சொல்லி அனுப்பு. 'எம்மகனுக்கு எதுக்குய்யா இந்தப் பொறுப்பெல்லாம், மூட்டை தூக்கவே போட்டுருங்க' என்று பெற்றவள் என்ற உரிமையில் நானும் ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன். படிக்கும்போதே சுருக்கென்கிறதா, அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

விஷயம் வீட்டில் முற்றிவிட்டது என்று தெரிந்ததும், ராமநாதனிடம் திரும்பப் பேசி வேலையை வாங்கித் தருகிறேன் என்றாயாமே. நீ ஒன்றும் பேச வேண்டாம். அதைக் கேட்டு அவள் என்னிடம் சொன்னது இதுதான்: 'அவுக சொல்லி எறங்குனேன் அயித்தை, அவுக சொல்லி ஏற மாட்டேன்.' சொன்னவள் சும்மா இருக்கவில்லை. நேற்று விடியற்காலை பஸ் ஏறி மதுரைக்குப் போய் ஒரு ஹோட்டலில் வேலை கேட்டிருக்கிறாள். சமைத்துக் காட்டச் சொன்னார்களாம், காட்டினாள், ருசி பிடித்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு மேனேஜர் அவளிடம் வீட்டுக்காரர் நம்பரைக் கேட்டிருக்கிறார், சம்மதம் கேட்க வேண்டுமாம். அவள் உன் நம்பரைக் கொடுக்கவில்லை, என் நம்பரைக் கொடுத்தாள். சாயங்காலம் போன் வந்தபோது நான் ரோகிணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். 'ஒங்க மருமக மதுரையிலேயே தங்கி வேல பாக்கணும், பெரிய கிச்சன், சமாளிப்பாங்களா, ஒங்களுக்குச் சம்மதமாம்மா' என்றார். 'ஏந்தம்பி, அவ ஒங்களுக்கு எதுத்தாப்புலதான உக்காந்துருக்கா, அவளைக் கேளுங்க' என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை வேலையில் சேருகிறாள். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். தேவாவிடம் பருப்புப் பொடியும் கொஞ்சம் சீப்புச் சீடையும் கொடுத்திருக்கிறேன், வெறும் வயிற்றோடு வெயிலில் அலையாதே. பெற்ற வாயால் வேறு சொல்ல முடியாது, நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. மறந்துவிடாதே, அவள் மதுரைக்குப் போகலாமா கூடாதா என்று என்னிடம் போன் செய்து கேட்காதே. போகட்டும் என்று நீ சம்மதம் சொல்லவும் வேண்டாம், உன்னை யாரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
ராக்காயி