வலது பக்கத்து ஸ்பீடோமீட்டர்

இன்று காலை கராஜ் கதவைத் திறந்ததும் அந்தப் பசை வாடைதான் முதலில் வந்தது. டாஷ்போர்டுக்குத் தோல் ஒட்ட நீ வாங்கிவைத்த டப்பா. மூடியை அழுத்தி மூடும் வழக்கம் உனக்கு எப்போதும் இருந்ததில்லை; இந்தத் தடவை மூடாமல் விட்டது நான்தான். பழக்கத்தில் உன்னைத் திட்டலாம் என்று திரும்பினேன். நீ இல்லையே.

ஒரு வழியாக நம் கார் முடிந்துவிட்டது, மச்சான். உதிரி பாகங்களாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி ஊரில் என் வீட்டுக் கராஜை அடைத்துக்கொண்ட அதே இரண்டு சீட் கார். சனிக்கிழமைகளில் நாம் மாட்டியதைவிடக் கழற்றியதுதான் அதிகம்.

டாஷ்போர்டு நாள் நினைவிருக்கிறதா? அலுமினியப் பலகையை மேஜைமேல் நிமிர்த்தி வைத்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தாய். "இங்கதான்டா, கண்ணுக்கு நேரா" என்று ஸ்பீடோமீட்டருக்குப் பென்சிலால் வட்டம் போட்டாய். நானும் எட்டிப் பார்த்து "கரெக்ட்" என்றேன். ஓட்டை போட்டு முடித்து, விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கராஜ் ஃப்ரிட்ஜில் பால் எடுக்க வந்த என் மனைவி நின்று பார்த்தாள்.

"ஏங்க, ஸ்டியரிங் ரைட் சைடுலயா வரப்போகுது?"

திருச்சியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட இரண்டு பேர். தினமும் ஹூஸ்டன் ஃப்ரீவேயில் இடது பக்கம் உட்கார்ந்துதான் ஆபீஸ் போகிறோம். கை மட்டும் திருச்சியிலேயே இருந்திருக்கிறது. நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றே புதுப் பலகை ஆர்டர் பண்ணினேன்.

அது வருவதற்குள் உனக்கு வலிப்பு வந்துவிட்டது. தலைக்குள் கட்டி என்றார்கள். இனி கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதைத்தான் நீ முதலில் என்னிடம் சொன்னாய், கட்டியைப் பற்றி அப்புறம்தான். அடுத்த சனிக்கிழமை உன் மனைவி உன்னைக் கொண்டுவந்து விட்டுப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தத் தப்பான ஓட்டைக்குள் விரலைவிட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தாய்.

"புதுசு வேணாம்டா. இதுலயும் ஒரு ஸ்பீடோமீட்டர் மாட்டு. இனிமே என் சீட் அதானே. நீ உருட்டிட்டு போனா நான் பாத்து திட்டணும்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை அதில் உட்கார்ந்து போக வேண்டும், அவ்வளவுதான் நீ கேட்டது. ஆஸ்பத்திரியிலும் கேட்டாய். "முடிஞ்சுதாடா?" அடுத்த வாரம் என்றேன். நீ இருக்கவில்லை.

புதுப் பலகை பிரிக்காமலே சுவரோரம் கிடக்கிறது. "அதையே மாட்டிடுங்களேன், பாக்க நீட்டா இருக்கும்" என்று என் மனைவி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு மனசு வரவில்லை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, இரண்டு மீட்டரையும் உன் பலகையிலேயே மாட்டினேன். நீ வாங்கின பசையால் நீ வாங்கின தோலை ஒட்டினேன். ஒரு மூலையில் சுருங்கித்தான் இருக்கிறது. நீயாக இருந்தால் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லியிருப்பாய்.

இன்று தனியாகத்தான் எடுத்துக்கொண்டு போனேன். வீடுகள் முடிந்து புல்வெளி தொடங்குமே, நீ குறித்து வைத்திருந்த அந்த நேர் ரோடு. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. இரண்டு முள்ளும் சேர்ந்தே ஏறின. என் முன்னால் இருந்ததை நான் பார்க்கவில்லை, உன்னுடையதைப் பார்த்துத்தான் ஓட்டினேன்.

நாற்பதைத் தாண்டவில்லை. அவ்வளவு நல்ல ரோட்டில் உருட்டிக்கொண்டுதான் போனேன், மச்சான். இப்போ திட்டேன்டா.