தண்ணீர் கலந்த தயிர்

இன்று காலை சமையலறை அலமாரியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது: லேசான புளிப்பு, அதனடியில் பச்சை மிளகாய்க் காம்பின் காரம். வேர்க்கடலைப் பால் தயிராகிவிட்டது. உங்கள் காரியத்துக்கு வந்தவர்கள் பசும்பால் தயிரைக் கொண்டுவந்து என் பாத்திரங்களை எல்லாம் நிரப்பியதில் நம் உறை தயிர் அழிந்துபோயிற்று. அதற்குப் பிறகு கடலைத் தயிர் தோய்க்க எனக்கு மனம் வரவில்லை. நாளை உங்கள் முதல் வருஷத் திவசம். அதனால் நேற்று மறுபடியும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கடலையை ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது உறைக்குப் பதிலாக மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடினேன்.

உங்கள் தங்கை நேற்று மாலையே வரதய்யபாளையத்திலிருந்து ஒரு தூக்கு நெய்யோடு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள்.

"நாளைக்கு அண்ணனுக்குப் புடிச்சதெல்லாம் இலையில இருக்கணும் அண்ணி. கறிக்கொழம்பு, பால் பாயசம், கெட்டித் தயிரு. உயிரோட இருக்க சொல்லதான் அவரு வாயக் கட்டிட்டீங்க. ஆளு வத்திப் போயிட்டாரு."

நான் நெய்த் தூக்கை வாங்கி உள்ளே வைத்தேன். என் மௌனத்தைக் கர்வம் என்று அவள் எப்போதும் நினைப்பாள்.

உங்கள் வாயை யார் கட்ட முடியும்? சித்தூர்ப் பால் பண்ணையில் வேலை பார்த்த காலமெல்லாம், பாலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கிராமங்களை மிரட்டியவர் நீங்கள். திருப்பதி ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பியதும், கறி முட்டையோடு பால், தயிர், நெய்யும் வேண்டாம் என்று சொன்னவரும் நீங்களே. டாக்டர் கொழுப்பைக் குறைக்கத்தான் சொன்னார். "கொஞ்சமா துன்றது எனக்கு வராது. உட்டா மொத்தமா உட்டுடணும்" என்றீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த நானும் சேர்ந்துகொண்டேன். ஒரே வீட்டில் இரண்டு சமையல் எனக்குச் சரிப்படாது என்று காரணம் சொன்னேன்.

புத்தூர் கடைத்தெருவில் உங்கள் சிநேகிதர்கள், "இன்னா சார், உங்க புரட்டாசி எப்ப முடியும்?" என்று சீண்டுவார்கள். "எனக்கு இன்னும் ஒண்ணாந்தேதியே தாண்டல" என்பீர்கள்.

முதன்முதலாகக் கடலைப் பால் எடுத்த அன்று நீங்கள் செய்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பழைய லாக்டோமீட்டரைத் தேடி எடுத்து அதில் விட்டீர்கள். அது கழுத்துவரை முழுகியது. பால் ஊற்ற வந்தவளிடம் பேசுவதைப் போல முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "தண்ணி கலந்துகீது மா. வாபஸ் எடுத்துக்கினு போ" என்றீர்கள்.

"நான் படிச்ச கான்வென்ட்ல கலப்படம் சொல்லித் தரல" என்றேன்.

கேழ்வரகும் கொள்ளும் காராமணியும் கீரையுமாக நாட்கள் போயின. உங்கள் கொழுப்பு இறங்கியது, தொப்பை கரைந்தது. எனக்குச் சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார்கள். சாப்பாடு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நடையும் இருந்தது, மருந்தும் இருந்தது. நடுவில் உங்கள் பாதங்கள் மரத்துப்போய், பி-12 குறைந்துவிட்டது என்று டாக்டர் நம் இருவரையும் திட்டினார். அதன் பிறகு அந்த மாத்திரை உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் நான் சோறு போட்டதில்லை. அடுத்த முறை போனபோது அவரே, பால்காரர் பாலை விட்டுவிட்டாரா என்ற வியப்பு தீராமல், "பாலாயன பாலு மானேசாரா!" என்று தெலுங்கில் சிரித்தார். திரும்பும் பேருந்தில் வடமாலபேட்டை வந்ததும் இருவர் ரிப்போர்ட்டையும் மதிப்பெண் பட்டியலைப் போல விரித்து வைத்துக்கொண்டீர்கள். "உனக்கு டிஸ்டிங்ஷன். நான் ஜஸ்ட் பாஸ்."

அந்த மார்கழியில் அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறினீர்கள். பேருந்தில் போய் மேலே காத்திருந்த என் முன்னால் வந்து நின்றபோது சட்டைதான் நனைந்திருந்தது. மூச்சு வாங்கவில்லை.

உங்களைக் கொண்டுபோனது நுரையீரலில் இறங்கிய காய்ச்சல். அதை யாரும் கேட்கவில்லை. நெய் இல்லாமல் போனார் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

போன வாரம் நான் மட்டும் திருப்பதி போய் வந்தேன். சர்க்கரை நன்றாகவே இருக்கிறது. வடமாலபேட்டையில் என்னை அறியாமல் ரிப்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். பக்கத்து இருக்கைப் பெண் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இன்று மதியம் உங்கள் தங்கை அலமாரிப் பக்கம் வந்தாள். "இதையா அண்ணன் துன்னுக்கினு இருந்தாரு?" என்று கரண்டியால் கொஞ்சம் தயிர் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். முகம் கடுமையாயிற்று.

"தண்ணி கலந்துகீது அண்ணி."

அதே புருவம், அதே குரல். என் சமையலைக் குறை சொன்னவர்களை நான் சும்மா விட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இன்று அவள் கையிலிருந்து கரண்டியை மட்டும் வாங்கி வைத்தேன்.

"அவர் நெஞ்சு கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சு. டாக்டரே சொன்னார். காய்ச்சல்தான் தாங்கல."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீ கேக்கல."

அவள் பாத்திரத்தை மெதுவாக மூடினாள். "தயிரு எடத்துல இதையே வையுங்க. பாயசம் என் இஷ்டம்."

நாளை உங்கள் இலையில் அவள் பாயசமும் கறிக்குழம்பும் இருக்கும். ஓரத்தில் நம் தயிர் இருக்கும். படைத்ததை வீட்டார் பங்கிட்டுக்கொள்ளும்போது நான் அந்த ஓரத்தை எடுத்துக்கொள்வேன். மாலைப் பேருந்தில் அவள் போய்விடுவாள். யார் கையும் படாமல் இப்போதே ஒரு கரண்டித் தயிரை எடுத்துத் தனியாக மூடி வைத்திருக்கிறேன், அடுத்த உறைக்கு. இந்த முறை அழிய விடமாட்டேன்.