தெருவிளக்கு மனு

அன்புள்ள ஃபர்ஹாவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் உம்மாவைத் தவிர யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். என் போனை அப்பா பார்ப்பார். அதனால்தான் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

நீங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு லப்பைக்குடிக்காடு போன பிறகும், எதிரே பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம் அப்படியேதான் கிடக்கிறது. ஊஞ்சல்கூட இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஆனால் நம் நகரே அங்கேதான். மருதாயி அக்கா முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அங்கேதான் நடந்து பழகுகிறார். ஐப்பசி மழைத் தண்ணீர் அங்கே போய்த் தேங்கியதால்தான் எங்கள் யார் வீட்டுக்குள்ளும் வரவில்லை.

போன மாதம் அப்பா, நம் நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்பதால், தெருவிளக்கு கேட்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய் வெற்றுத்தாள்களில் கையெழுத்து வாங்கினார். நம் நகரில் எப்போதும் அப்படித்தானே, கையெழுத்து முதலில், மனு பிறகு. வாடகை வாங்க வந்த உன் உம்மாவும் போட்டார்.

நேற்று, அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே மனுவை எழுத என்னை உட்கார வைத்தார். நமக்கெல்லாம் மனை விற்ற செல்லதுரை மாமா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். பூங்கா எங்களுக்குத் தேவையில்லை, அங்கே கடைகள் கட்ட ஆட்சேபணை இல்லை என்று வந்ததும், "அது பார்க் ஆச்சே" என்று பேனாவை நிறுத்திவிட்டேன்.

அவர் சிரித்தார். "முள்ளு மொளச்சுக் கெடக்குற எடத்தப் போயி பார்க்குங்கிறியே. எழுதும்மா தென்றலு, ஒங்கப்பாவுக்கும் ஒரு கடை உண்டு."

அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் எழுதிவிட்டேன், ஃபர்ஹா. அறுபத்திரண்டு பேர் சொல்லாததை என் கையால் எழுதிவிட்டேன்.

இன்று அப்பாவின் பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்துவிட்டேன். கிழித்தால் சாட்சி இருக்காது, திரும்பவும் கையெழுத்து வாங்கிவிடுவார். அதனால் இந்தக் கவருக்குள் வைத்து, காலையில் பள்ளிக்கூட வாசல் தபால் பெட்டியில் போடப் போகிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு உன் உம்மா இவற்றைக் கொண்டு வரட்டும். தெருவிளக்குக்குத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று அங்கே சொல்லட்டும். மேலே எழுதியது யார் என்று கேட்டால் நானே சொல்வேன். யூனிஃபார்மோடு வந்து நிற்பேன். அதுவரைக்கும்தான் ரகசியம். அடித்தாலும் இன்னொரு முறை எழுத மாட்டேன்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே. போன வருஷம் அங்கே புங்கன் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றியவரும் அவர்தான். கலெக்டர் முன்னால் அவரைத் திட்ட வேண்டாம் என்று உன் உம்மாவிடம்

கூடத்தில் லைட் எரிகிறது. அப்பா பையின் ஜிப்பைத் திறக்கிறார். என் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார். ஃபர்ஹா, எப்படியாவது வந்து