ஒட்டகத்தில் இரண்டு நாள்

உன் கைத்தொலைபேசி இன்னும் நாறுகிறது மச்சான். தலையிடிக்கென்று நெற்றியில் தேய்ப்பாயே ஒரு பச்சைத் தைலம், அந்த விரலாலேயே திரையையும் தேய்த்திருக்கிறாய். உறைக்குள் எல்லாம் ஊறிக் கிடக்கிறது. நேற்றுப் பின்னேரம் உன் மனைவி அதைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்து தந்தபோது, நீதான் ஒழுங்கையால் வருகிறாய் என்று என் மூக்கு ஏமாந்துவிட்டது. மூக்குக்கு அறிவு கிடையாது. உன்னைக் கொண்டுபோய் விட்டு இருபது நாளாயிற்று.

"அண்ணன், முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒண்டு அடிக்கிறம். இதுக்குள்ள அவர்ர வடிவான படம் கிடந்தா எடுத்துத் தாங்க. எங்களுக்கு இதுகள் தெரியா," என்றாள். படலை வரைக்கும் போனவள் திரும்பி வந்து, "மறுகா, அவர் எகிப்துக்குப் போன கதையையும் நீங்கதான் எழுதித் தரணும்," என்றாள்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "புள்ள, கடைசியில என்னப் பத்தி ஏதும் சொன்னவனா?"

"ஒண்ணும் சொல்லல்ல அண்ணன். உங்கட பேர எடுத்தா மற்றப் பக்கம் கிறுகிப் படுப்பார்."

என்னோடு கோபித்துக்கொண்டே போய்விட்டாயா, இல்லையா? இதை எனக்கு யார் சொல்வது? செத்தும் ஒரு கரைச்சலைத் தந்துவிட்டுத்தான் போயிருக்கிறாய்.

கட்டாரிலிருந்து உன் மகள் இந்தச் சாமானை அனுப்பியது தன் முகத்தைப் பார்த்துப் பேசத்தான். நீ அவள் முகத்தைப் பார்த்ததைவிட உலகத்தின் தலையைப் பார்த்ததுதான் அதிகம். செயற்கைக்கோள் படத்தை உனக்குப் பழக்கித் தந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், எட்டு வரைக்கும் படித்த உனக்கு வாத்தியார்! வயல் வட்டைக்குள் எவன் என் வாய்க்காலை மறித்திருக்கிறான் என்று பிடிக்க நான் கற்ற வித்தை அது. படம் இரண்டு வருடம் பழையது என்று தெரியாமல், எப்போதோ மறித்து எப்போதோ திறந்துவிட்ட வாய்க்காலுக்காக ஒருத்தன் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன். நீ ஒரு கிழமை சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை என்பதை நீ கவனித்திருக்க வேண்டும்.

பிறகு சந்தித் தேநீர்க்கடையின் பின் வாங்கில் குந்தியபடி உலகம் சுற்றினோம். உனக்கு எதைக் கண்டாலும் வாய் திறந்துவிடும். நாலு கல் ஒன்றாகக் கிடந்தால் போதும்.

"மச்சான், சீனாட மதில் இது. எத்தின ராசாமார் கட்டினதாம்!"

"உன்னிச்சைக் குளக்கட்டு இத விட நேர். அது தண்ணிய மறிக்குது. இது என்னத்த மறிச்சது?"

"எதிரிய."

"மறிச்சுதா?"

நீ தேநீரைக் குடித்தாய்.

உரோமாபுரியில் வட்டமாக ஒரு கட்டடம் காட்டினாய். மாடு கட்டிச் சூடு மிதிக்கிற களம் மாதிரியே இருந்தது. களம் இருக்கிறது, நெல் எங்கே என்று கேட்டேன். மனிதனை மனிதன் வெட்டுவதைப் பார்க்கக் கட்டினார்கள் என்றாய். நெல்லுக்கு வக்கில்லாதவன் வேறு என்ன செய்வான்? ஆக்ராவில் செத்த மனைவிக்குப் பளிங்கு மாளிகை. உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தானா என்று விசாரித்தேன். உன் மனைவியும் அடுத்த வளவுக் கிணற்றில்தான் அள்ளிக்கொண்டிருந்தாள். இடிந்த அரண்மனைகளை எல்லாம் மேலேயிருந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. ஒரு ராசா வீட்டுக்கும் கூரை இல்லை. அதைப் பார்த்துத்தான் நீ உச்சுக் கொட்டினாய்.

எகிப்துக்கு மட்டும் நீ திரையில் போகவே மாட்டாய். "இண்டைக்குக் கண் எரியுது, நாளைக்குப் பாப்பம்," என்பாய். நாளைக்கும் எரியும்.

எகிப்து உன் சொந்தக் காணி அல்லவா! வாலிபத்தில் கப்பலில் சமையற்காரனாகப் போனவன் நீ. துறைமுகத்தில் இறங்கி, ஒட்டகத்தில் ஏறி, வீடு இல்லாத, மரம் இல்லாத மணலில் இரண்டு நாள் போனாயாம். மூன்றாம் நாள் விடியப் பிரமிட் மலை மாதிரி எழும்பி நின்றதாம். ஒட்டகம் தானாகவே முழந்தாள் மடித்ததாம். நாற்பது வருடமாக இந்தக் கதையைக் கேட்கிறது எங்கள் ஊர் பனிச்சங்கேணி. உன் மாமனார் உனக்குப் பெண் தந்ததே அந்த ஒட்டகத்தை நம்பித்தான். உலகம் கண்ட மாப்பிள்ளை!

அன்றைக்குக் கடையில் ஆட்கள் நிறைய. நீ கடைக்காரனின் புது மருமகனுக்கு ஒட்டகத்தில் ஏறி இறங்கிக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் உன் தொலைபேசியை எடுத்து ஒற்றை விரலால் எகிப்தைத் தட்டினேன். பிரமிட் வந்தது. அதன் காலடியில், ஒட்டினாற்போல, வீடுகள். கூரைகள். தெருக்கள். எறும்பு மாதிரி வாகனங்கள். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"மச்சான், இஞ்ச பார். பிரமிட்டுக்குப் பக்கத்தில பட்டணம். வாசலுக்கு பஸ் வருது. நீ ரெண்டு நாளா ஒட்டகத்தில கிறுகிக் கிறுகி எங்கடா போனாய்?"

வாங்கு முழுவதும் சிரித்தது. நீ தொலைபேசியைப் பிடுங்கினாய்.

"அப்ப இதுகள் ஒண்ணும் இருக்கல்ல. இதெல்லாம் பிறகு கட்டினது."

"பிரமிட்டையுமா?"

கடைக்காரனின் கையிலிருந்த தேநீர் அவன் சாரத்தில் ஊற்றுப்பட்டது. நீ மட்டும் சிரிக்கவில்லை. தொலைபேசியைப் பையில் வைத்தாய். பாதித் தேநீரை விட்டுவிட்டு எழும்பிப் போனாய். மூன்று மாதம் போய்க்கொண்டே இருந்தாய்.

சித்தாண்டிக் கோயில் திருவிழாவுக்கு ஒரே பஸ்ஸில்தான் போனோம். என் பக்கத்து இருக்கை காலி. நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நின்றே வந்தாய். முருகனுக்குக் காவடி எடுக்கிறவன்கூட உன்னளவு வருத்திக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அந்தச் சொல் என் வாய்க்குள் இருந்ததே இல்லை, எங்கே போய்த் தேட? அதனால் எனக்குத் தெரிந்த பாசையில் பேசினேன். ஒரு போத்தல் பசுப்பாலைக் கொண்டுபோய் உன் மனைவியிடம் கொடுத்து, "ஒட்டகப் பால் எண்டு சொல்லிக் குடு புள்ள," என்றேன். மூடி திறக்காமலே போத்தல் பின்னேரம் திரும்பி வந்தது. புளித்திருந்தது. அதோடு சரி.

பிறகு ஒரு காலையில் களப்பில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன், தோணியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். உன் வளவில் நான் கடைசி ஆளாக நின்றேன். அன்றைக்கு வாங்கில் இருந்து சிரித்த வாய்கள் முன்னுக்கு நின்று ஒப்பாரி வைத்தன. "உலகம் சுத்தின மனிசன்" என்று ஒருத்தன் மூக்கைச் சீந்தினான். சிரிப்பதற்கும் அவர்களுக்கு ஒருத்தன் சொல்லிக்கொடுக்க வேண்டும், அழுவதற்கும் வேண்டும். சிரிக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். அதுதான் பின்னுக்கு நின்றேன்.

நேற்று விளக்கு வைத்த பிறகு உன் படம் தேடினேன். எல்லாம் இடிந்த கல். உன்னுடையது என்று கிடைத்தது ஒரே ஒரு படம். அதில் உன் இடது காதும் என் தேநீர்க் கோப்பையும் இருக்கின்றன. மலருக்கு அது போதும், உன் மற்றப் பாகங்களை ஊர் பார்த்திருக்கிறது.

பிறகு வரைபடத்தைத் திறந்தேன். நீ போன இடங்களில் எல்லாம் சின்னச் சின்னக் குறி குத்தி வைத்திருக்கிறாய். சீனாவில், ஆக்ராவில், உரோமாபுரியில். பிரமிட்டில் குறி இல்லை. கொஞ்சம் கிழக்கே, கப்பல் போகிற கால்வாயின் நடுவில், வெறும் தண்ணீரில் ஒன்று கிடந்தது. தொட்டேன். நீ எழுதியிருந்தாய்: "இவடத்த ரெண்டு நாள் கப்பல் நிண்டது. குசினி ஆக்களை இறங்க விடல்ல. வெங்காயம் உரிச்சது. வட்ட யன்னலால மணல் மட்டும் கண்டது. இது மெய்."

இரண்டு நாள் என்பது மெய்தானா மச்சான்? நாற்பது வருடமாக அந்த இரண்டை நீ மாற்றவில்லையே என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை. படத்தை எவ்வளவு பெருப்பித்துப் பார்த்தாலும் தண்ணீர்தான் தெரிந்தது.

அப்படியே விரலால் இழுத்து இழுத்து ஊருக்கு வந்தேன். களப்பு, பாலம், உன் கூரை. உன் கூரைக்கு நாலு வளவு தள்ளி இன்னொரு குறி. என் தலைக்கு மேலே. அதன் பெயர்: "பழைய இடிபாடு. ஒட்டகப் பால் இங்க கிடைக்கும். புளிக்கும்."

புளித்தது உனக்கு எப்படித் தெரியும்? போத்தலை நீ திறந்திருக்கிறாய், கள்ளா! திறந்து, மணந்து, சிரித்து, மூடியை இறுக்கி அனுப்பியிருக்கிறாய். கட்டிலில் மற்றப் பக்கம் கிறுகிப் படுத்தது என்னிடமிருந்து சிரிப்பை ஒளிக்கவா, மனிசியிடமிருந்து ஒளிக்கவா? நாலு வளவு நடந்து வந்து என் முகத்துக்கு நேரே சொல்ல உனக்குக் கால் இல்லாமல் போய்விட்டது. கோழை. நானும்தான்.

விடிந்ததும் கால்வாய்க் குறியை அழித்தேன். உன் மனைவிக்குத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, மகள் வந்தால் திறப்பாள். வெங்காயக் கதை இனி என்னிடம் மட்டும்தான். என் கூரைக் குறியை அழிக்கவில்லை. கிடக்கட்டும்.

எகிப்துக் கதையையும் கொப்பியில் எழுதி முடித்துவிட்டேன். வீடும் மரமும் இல்லாத மணல், ஒட்டகம், விடியற்காலைப் பிரமிட், எல்லாம் இருக்கிறது. கடையில் எவனாவது பஸ் வருகிறது என்று வாய் திறந்தால், அந்தக் காலத்தில் பஸ் இருக்கவில்லை என்று நானே சொல்வேன். ஒட்டகம் முழந்தாள் மடித்ததை மட்டும் வெட்டிவிட்டேன், அது கூடுதல். பதிலுக்கு மூன்று நாள் என்று போட்டிருக்கிறேன். நீ இருந்த பருமனுக்கு எந்த ஒட்டகமும் இரண்டு நாளில் போய்ச் சேர்ந்திருக்காது.