பதில் வராத சலாம்

செவ்வாய், இரவு

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

யாரிடமும் தானாகப் பேசாத சிறுவன் யாசிர், இன்று எங்கள் மையத்தின் பேச்சுப் பயிற்சி அறைக்குள் வந்ததும், பிள்ளைகளைப் பேசவைக்க நாங்கள் வைத்திருக்கும், முகமும் கையும் வைத்த ரோபோவுக்கு சலாம் சொன்னான். அதற்கு வணக்கம் மட்டும்தான் தெரியும். பேசாமல் நின்றது. யாசிர் காத்திருந்தான். மறுபடி சொன்னான். பிறகு அதை ஓங்கி அறைந்து கீழே தள்ளினான். 'காரணமில்லாத கோபம்' என்று குறித்துக்கொண்டேன்.

கண்ணாடி வழியே பார்த்திருந்த அவன் அம்மா, மண்டபம் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தயங்கிச் சொன்னார்: "சலாம் சொன்னா பதில் சொல்லணும்னு நாந்தான் மேடம் சொல்லிக் குடுத்தேன். அதுக்குத்தான் பிள்ளை அம்புட்டு நேரம் அங்கனயே நின்டான்."

ரோபோவுக்கு நாளைக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்த அறையில் நானும்தான் இருந்தேன், அவன் பக்கத்திலேயே. எனக்கு அந்தப் பதில் தெரியும்.