சுழலும் மனை

அடையாறு,
15-7-1974

அன்புள்ள அத்தானுக்கு,

புஷ்பம் எழுதுகிறேன். நானும் ஜானகியும் இங்கே அப்பா வீட்டில் சுகம். நேற்று நீங்கள் வந்தபோது பேச நினைத்த எதையும் பேசவில்லை. அப்பா கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நம்மைத்தான் படித்துக்கொண்டிருந்தார். தியாகராய நகர் ஒரு பஸ் தூரம்தான். ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல முடியும். நேரில் பேசினால் நீங்கள் சொல்வதெல்லாம் எனக்கு நியாயமாகப் பட்டுவிடுகிறது.

ஏன் இங்கே வந்தாய் என்று கேட்டீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றேன். வலி இருப்பது உண்மைதான். நான் வந்தது அதற்காக இல்லை.

போன மாதம் பள்ளியில் டோரதி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குக் குதிகால்ல ஏதாவது வலியா? எப்பவும் நுனிக்காலாலேயே நடக்குதே" என்று கேட்டார்கள். டாக்டரிடம் காட்டினேன். காலில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். சித்திரையில் அவள் ஓடிவந்த அதிர்ச்சியில் ஊசி துள்ளி உங்கள் நாகஸ்வர ரிக்கார்டில் கீறல் விழுந்ததே, அன்றைக்கு நீங்கள் அவளை அடிக்கவில்லை. திட்டவுமில்லை. அவள் முன்னால் முட்டிபோட்டு, "தாயி, அப்பாவுக்காக மெள்ள நடப்பியாம்மா?" என்று கும்பிட்டீர்கள். கண்ணெல்லாம் தண்ணீர். ஐந்து வயதுப் பிள்ளை அதை எப்படித் தாங்கும்? அடித்திருந்தால் மறுநாள் மறந்திருப்பாள். அன்றிலிருந்துதான் இந்த நடை. இங்கே வந்தும் அப்படித்தான் நடக்கிறாள்.

அப்பாவுக்கு மனை விஷயம் தெரிந்துவிட்டது. "நான் வாங்கிக் குடுத்த கே.கே. நகர் மனையைப் பெட்டியில வச்சுச் சுத்த விடுதாராம்லா உம் புருசன்" என்று சாப்பிடும்போது சொன்னார். நீங்கள் என்னை ஏமாற்றி எழுதி வாங்கினதாக நினைக்கிறார். மனையை விற்று அந்த ரிக்கார்டு மிஷினைச் சுவிட்சர்லாந்திலிருந்து வரவழைக்கும் விலையையும், அதற்கு மேல் சுங்கத்தில் கட்ட வேண்டியதையும் நீங்கள் ஒன்று விடாமல் சொன்னீர்கள். எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். அதை அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மழைக்கு முன்னால் மாடிக் கதவுக்கு ஆணி அடிக்கச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
தங்கபுஷ்பம்


தியாகராய நகர்,
18-7-1974

அன்புள்ள புஷ்பத்துக்கு,

கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கல்லாவில் முதலாளி அண்ணாச்சி இல்லாத நேரம் பார்த்து உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜானகி விஷயம் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கு வாயைத் திறந்திருப்பேனா?

அதற்கு வழி செய்துவிட்டேன். பெரிய கடப்பைக்கல் ஒன்று வாங்கி, மணல் நிரப்பிய பெட்டி மேல் அதைப் போட்டு, மிஷினை அதன் மேல் வைத்திருக்கிறேன். தரைக்கும் அதற்கும் இப்போது ஒட்டே கிடையாது. நேற்று ஊசியை வைத்துவிட்டு நானே பக்கத்தில் நின்று குதித்துப் பார்த்தேன். கீழ்ப் போர்ஷன் சீதா மாமி, "என்ன ஆச்சு, யாராவது விழுந்துட்டாளா?" என்று படியேறி வந்துவிட்டார்கள். ஊசி அசையவில்லை, புஷ்பம்! இனி ஜானகி ஸ்கிப்பிங் ஆடலாம். நாளைக்கே கூட்டிக்கொண்டு வா.

அத்தனை விலைக்கு அது பெறுமா என்று மாமா கேட்பார். அண்ணாச்சியும் அதைத்தான் கேட்கிறார். நம் கடையில் இரண்டு பட்டுப் புடவை எடுத்து வை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று. தொட்டுப் பார்த்தவளுக்குத்தான் எது எதுவென்று தெரியும். அவள் பத்து மடங்கு கொடுத்து ஒன்றை எடுத்துப் போகும்போது அண்ணாச்சி அவளைப் பைத்தியம் என்று சொல்வதில்லை. வாசல் வரை வந்து வழியனுப்புகிறார். நம் பழைய ரேடியோகிராமில், நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடித்து ஒத்து ஊதுகிற சத்தம் லேசாக ஆடும். ஆடுவதுதான் அதன் குணம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இதில் அது ஆடவே இல்லை. கம்பி மாதிரி நிற்கிறது. அதன் மேல் நாகஸ்வரம் எழுந்து வருகிறபோது இந்த அறைக்குள் யாரோ வந்து நிற்பதுபோல இருக்கிறது. எனக்குப் பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது. கேட்க மட்டும் தெரியும்.

மறைக்காமல் சொல். உனக்கு வித்தியாசம் கேட்டதா, இல்லையா?

அன்புடன்
சிதம்பரநாதன்


அடையாறு,
24-7-1974

அன்புள்ள அத்தானுக்கு,

கடப்பைக்கல் கடிதம் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் ஊசியைப் பற்றி எழுதவில்லை, அத்தான். பிள்ளையைப் பற்றி எழுதினேன். நீங்கள் ஊசிக்கு வைத்தியம் செய்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்கிறீர்கள்.

உங்கள் மேல் தப்பு என்றும் சொல்ல வரவில்லை. நீங்கள் குடிக்கிறவர் இல்லை, சீட்டாடுகிறவர் இல்லை. ஊரில் எந்தப் பெண்ணிடமும் போய் என் புருசன் சுருதி சுத்தமாகக் கேட்கிறார் என்று புகார் சொல்ல முடியுமா? அம்மாவிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "பாட்டுக் கேக்கதுக்கா கோவிச்சுட்டு வந்திருக்கே?" என்று கேட்டாள்.

வித்தியாசம் கேட்டதா என்று கேட்டீர்கள். நிஜத்தைச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. அது வந்த நாளிலிருந்து நான் அடுப்படியில் இருந்துதான் கேட்டிருக்கிறேன். ஒரு காது பாலின் மேல், இன்னொரு காது ஜானகியின் மேல். உங்கள் மிஷினைக் கேட்க மூன்றாவது காது வேண்டும்.

விற்றுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களாக நினைத்தால் சரி.

ஜானகிக்கு முன்பல் ஆடுகிறது. அப்பா வந்துதான் பிடுங்க வேண்டுமாம்.

உங்கள்
புஷ்பம்


தியாகராய நகர்,
20-8-1974

அன்புள்ள புஷ்பத்துக்கு,

போன ஞாயிறு நான் வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அன்றைக்கு விற்கத்தான் போனேன்.

நந்தனத்தில் இனாயத் சாகிப் என்று ஒருவர். தோல் ஏற்றுமதி செய்கிறவர், ரிக்கார்டு பிரியர். டாக்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார். நண்பர்கள் நாலைந்து பேரை வரவழைத்திருந்தார். நடுவில் திரை கட்டி, அந்தப் பக்கம் அவருடைய ரேடியோகிராமையும் என்னுடையதையும் வைத்து, ஒரே ரிக்கார்டை மாற்றி மாற்றிப் போட்டோம். எது ஒசத்தி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் மட்டும் அடித்துச் சொன்னார். அவர் ஒசத்தி என்றது ரேடியோகிராமை!

இனாயத் சாகிப் என் தோளில் கை வைத்து, "நல்லாத்தான் கீது சார், இல்லேங்கல. ஆனா நம்ம பொட்டியும் நல்லாத்தானே கீது? இன்னாத்துக்கு அவ்ளோ துட்டு?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். கடைசியில், "நீங்க கஷ்டப்படுற மாதிரி தெரியுது, ரேடியோகிராம் விலைக்கு எடுத்துக்கறேன்" என்றார். அவர் பக்கம் பார்த்தால் அது தாராளம்தான்.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், புஷ்பம். கை அதற்குள் மூடியை எடுத்து மூடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் ஒரே ஒருவருக்கு வித்தியாசம் தெரிந்திருந்தால் சும்மாவே விட்டுவிட்டு வந்திருப்பேன். டாக்சியில் மடியில் வைத்துக்கொண்டே திரும்பினேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

இது குடிகாரன் பேச்சு மாதிரி இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. தெரிந்து என்ன? சாயங்காலம் கடை மூடி வந்து விளக்கைப் போடுவதற்கு முன்னால் கை அதன் மேல்தான் போகிறது. வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் இல்லை என்பது ரிக்கார்டு முடிந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. அப்போது இருக்கிற இருப்பை எழுத எனக்கு வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு தடவை வந்து, வேலை எதுவும் இல்லாமல், உட்கார்ந்து முழுசாகக் கேள். நான் இல்லாத நேரமாகவே வா. கேட்டபின் நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

சிதம்பரநாதன்


அடையாறு,
6-9-1974

அன்புள்ள அத்தானுக்கு,

செவ்வாய்க்கிழமை வந்தேன். ஜானகியை இன்னும் நம் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்குத்தான் பஸ்ஸில் கூட்டிப்போய் வருகிறேன்; மத்தியானம், பள்ளி விடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தது. சீதா மாமி ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள். என் புடவைகளைக்கூட மடித்து வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் வீணை ரிக்கார்டு ஒன்றைப் போட்டேன். நீங்கள் வைக்கிறமாதிரியே ஊசியை மெள்ள வைத்துவிட்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வாசிக்கிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. ஒரு ஸ்வரம் முடிந்து, விரல் கம்பியை விட்டு எழுவது கேட்டது. அந்த அறையில் நான் மட்டும் இல்லை என்று தோன்றியது. பயமாக இல்லை. கல்யாணமானதிலிருந்து யாரும் என்னிடம் அவ்வளவு நிதானமாகப் பேசினதில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள்கூட.

அந்தப் பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டேன். பிறகு இன்னொன்று.

மணி பார்த்தபோது பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினேன். கேட்டுக்கு உள்ளே, ஜானகி டோரதி டீச்சர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுது முடித்து முகம் காய்ந்திருந்தது. "நீயும் பாட்டுக் கேட்டியாம்மா?" என்று கேட்டாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை, அத்தான். அவளாகவே கேட்டாள்.

பெறுமா என்று கேட்டீர்களே. பெறும். அந்த மனைக்கும் பெறும், அதற்கு மேலும் பெறும். அப்பாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்பதையும். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

உங்கள் மேல் கோபம் இருந்தவரை ஒருநாள் கோபம் தீர்ந்து வந்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது தீர்ந்துவிட்டது. இனி எதை வைத்துக்கொண்டு உங்களோடு சண்டை போடுவேன்? அங்கே வந்தால் நானும் உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

நான் என்ன சொன்னாலும் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். விற்காதீர்கள். விற்றால் ஆயுசுக்கும் அது நமக்கு நடுவில் ஒலித்துக்கொண்டிருக்கும்.

டோரதி டீச்சர் பள்ளியில் தையல் வகுப்புக்கு ஆள் வேண்டுமாம். சரி என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அன்றைக்கு உங்களுக்குப் பிடித்த புளிக்குழம்பு வைப்பேன். அப்பா எதுவும் பேசமாட்டார்.

சீதா மாமி ஊரில் இல்லாததால் என் சாவியைக் கடையில் அண்ணாச்சியிடம் கொடுத்திருக்கிறேன். மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கபுஷ்பம்