எண்பது பிள்ளைகளின் சிலேட்டு

கிளென் வேவர்லி,
மெல்பேர்ண்.
9.10.1973

அன்புள்ள மகள் ரஞ்சினிக்கு,

அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், வங்காளதேசத்து வெயிலும் மழையும் உன்னையும் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன், ஆனால் இது ஆத்திரத்தில் எழுதுகிற கடிதம், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். நீ கேட்ட சிலேட்டும் வெண்கட்டியும் கப்பலேறவில்லை. சண்டையில் கூரை எரிந்த பள்ளிக்கூடத்தில் எண்பது பிள்ளைகளை வெறுங்கையோடு இருத்தியிருக்கிறாய் என்றும், தை பிறக்குமுன் சாமான் வராவிட்டால் அதிகாரி கட்டடத்தை நெல்லுக் களஞ்சியமாக்கிவிடுவார் என்றும் நீ எழுதியதை இங்குள்ள ஆறு தமிழ்க் குடும்பங்களுக்கும் நான்தான் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் கண்கலங்கினார்கள், ஓடியோடிச் சேர்த்தார்கள், அது பொய்யில்லை. பெட்டி நிறைந்தது நவராத்திரியில். எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா, சரஸ்வதி பூசைக்கு எங்கள் ஹோலில் படத்தின் கீழே வைத்துச் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை பூசை நடக்கும்போதே துறைமுகத்து லொறிக்காரன் வந்துவிட்டான், கப்பல் மறுநாள் விடியப் புறப்படுகிறது. பூசையில் வைத்ததை விஜயதசமிக்கு முன் அசைக்கக் கூடாதென்று வாசுதேவன் அங்கிள் ஒரே பிடியாய் நின்றார். மகனுக்கு அடுத்த மாதம் எச்.எஸ்.சி. சோதனையாம், இப்ப தூக்கினா என்ர பிள்ளையின்ர படிப்புக்கு ஆர் பொறுப்பு என்று கேட்டார். இங்கத்தைத் தமிழ்ச் சங்கத் தலைவரான உன் அப்பா வாயில் கொழுக்கட்டையை அடைத்ததுபோல் இருந்தார். படிப்பு படிப்பென்று உயிரை விடுகிற சனம் நாங்கள், அந்தப் படிப்பு எங்கள் வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது. அடுத்த கப்பல் மாசியில்தான். நேற்று வாசுதேவனின் மனைவி யோகா அவருக்குச் சொல்லாமல் வந்தாள், இருவருமாகப் பெட்டியை உடைத்து இருபது சிலேட்டைத் துணியில் சுற்றி விமானத் தபாலில் போட்டோம், அதற்குமேல் தபாற்கந்தோரில் ஏற்கவில்லை. நாலு பிள்ளைக்கு ஒன்று, அதிகாரி வரும்போது அதையாவது காட்டு.

இவ்வளவும் மற்றவர்களைத் திட்டிவிட்டேன், இனி என்னையும் சொல்லத்தான் வேண்டும். அன்று லொறிக்காரனிடம் போய்ப் பேசியது நான். சனிக்கிழமை விஜயதசமி முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை வா என்றேன், கப்பல் நிற்காது என்று அவன் இரண்டு தரம் சொன்னான், நான் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். பூசையைக் குலைத்தால் அங்கே தனியே இருக்கிற உனக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது.

கடவுள் உன்னையும் அந்தப் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, காய்ச்சல் வந்தால் மறைக்காமல் எழுது. சாமான் ஏன் பிந்தியது என்று அதிகாரி கேட்டால் கப்பலில் பழியைப் போடாதே, என் தாய் கதவைச் சாத்திவிட்டாள் என்று சொல்.

உன் அம்மா,
சத்தியபாமா